தேவேந்திரன்னா யாரு சார்?

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஓர் அம்மன் கோயில் திருவிழா. ராத்திரி மெல்லிசைக் கச்சேரி. ஜிகுஜிகு கோட்டு போட்ட அறிவிப்பாளர் மைக்கைத் தட்டி, “அடுத்ததாக... இசைஞானியின் இசையில்... வேதம் புதிது படத்திலிருந்து... கண்ணுக்குள் நூறு நிலவா!” என்று இழுத்தார். கைதட்டல். விசில்.

முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். எழுபதைத் தாண்டிய வயசு. கையில் துண்டுச் சீட்டு. விறுவிறுவென்று மேடை ஓரத்துக்குப் போய் நீட்டினார். நேயர் விருப்பம் போலிருக்கிறது என்று அறிவிப்பாளரும் வாங்கிப் படித்தார்.

“இது இளையராஜா இல்லையாம். தேவேந்திரனாம்! பெரியவர் எழுதிக் கொடுத்திருக்கார். தேவேந்திரன்னா யாரு சார்? ரம்பை, ஊர்வசி எல்லாம் டான்ஸ் ஆடுவாங்களே, அவரா?”

மைதானமே சிரித்தது. (ஹி... ஹி... நானும்தான்.) பெரியவர் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார்.

நண்பனின் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி வந்து செல்போனில் தேடினேன். 1987. இயக்கம் பாரதிராஜா. பாட்டு வைரமுத்து. பாடியவர்கள் எஸ்.பி.பி., சித்ரா. இசை... தேவேந்திரன்!

அப்புறம் தூக்கம் எங்கே வரும்? காதலித்தபோது இந்தப் பாட்டு, கல்யாணத்துக்கு அப்புறமும் இந்தப் பாட்டு. இத்தனை வருஷமும் போட்டவர் பேரைத் தப்பாகவே சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். காலையில் முதல் வேலையாக, சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று பெரியவர் வீட்டைத் தேடிப் போனேன்.

கரண்ட் கதை

பெரியவர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஷிப்ட் இல்லாத நேரத்தில் பஜாரில் கேசட் ரெக்கார்டிங் கடை. (கடை தம்பி பேரில். உழைப்பு அண்ணன் பேரில்.) இப்போது கடையும் இல்லை, கேசட்டும் இல்லை. மிச்சமிருப்பது நாலைந்து நீளமான கணக்கு நோட்டுகள்தான்.

பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் ஐந்து கட்டங்கள். பாட்டு, படம், கவிஞர், பாடியவர், இசை. “இலங்கை வானொலி கேட்டு எழுதினது தம்பி. அவங்க ஒரு பாட்டு போட்டா இந்த அஞ்சையும் சொல்லிட்டுத்தான் போடுவாங்க. கேட்டுக் கேட்டு நமக்கும் பழகிடுச்சு” என்றார்.

“யார் போட்டா என்ன சார்? பாட்டு நல்லா இருக்கில்ல?” என்று கேட்டுவிட்டேன்.

“நீங்க இருக்கறது நெய்வேலியில. அதனால நெய்வேலிக் கணக்குலயே சொல்றேன். மெட்ராஸ்ல ஒருத்தன் சுவிட்சைப் போடறான், லைட்டு எரியுது. ‘ஆஹா, நெய்வேலி!’ங்கறானா? ‘அப்பாடா, கரண்ட் வந்துடுச்சு’ன்னுதான் சொல்றான். இங்க வர்ற கரண்ட் கேரளா, கர்நாடகா, ஆந்திரான்னு எங்கெங்கயோ போகுது. பள்ளத்துக்குள்ள இறங்கி மண்ணை வாரினவனை எவனுக்குத் தெரியும்? பரவாயில்ல, எங்களுக்கு மாசாமாசம் சம்பளம் வந்துச்சு. பாட்டு போட்டவனுக்கு அந்தப் பேரு ஒண்ணுதான தம்பி சம்பளம்?”

பதில் சொல்லத் தெரியாமல் நோட்டைப் புரட்டினேன். படிக்கப் படிக்க என் ஞானம் பல் இளித்தது.

ஹீரோவைப் பார்த்து ஏமாந்தது

‘பன்னீரில் நனைந்த பூக்கள்’. எஸ்.ஜானகி. படம் ‘உயிரே உனக்காக’ (1986). திரையில் மோகன், நதியா. மோகன் என்றால் மைக். மைக் என்றால் இளையராஜா. நம் மூளை போடும் கணக்கு இதுதான். நோட்டிலோ, இசை: லட்சுமிகாந்த் - பியாரிலால்! ‘பாபி’ (1973) படத்துக்கு இசையமைத்து இந்தியாவையே ஆட வைத்த அதே பம்பாய் ஜோடி.

‘மழை தருமோ என் மேகம்’. எஸ்.பி.பி. உருகியிருப்பார். கமல் நடித்த ‘மனிதரில் இத்தனை நிறங்களா’ (1978). கண்ணதாசன் எழுதியது. எம்.எஸ்.வி.யா, ராஜாவா என்று ஆபீஸ் கேன்டீனில் சட்டை கிழிகிற அளவுக்குச் சண்டை போடலாம். இரண்டு பேரும் இல்லை. இசை: ஷ்யாம்.

இந்த இடத்தில் பெரியவரோடு ஒன்றாக வேலை பார்த்த பாலக்காட்டுக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். நெய்வேலியில் இது ஒரு வசதி. எந்த மொழிக்காரரும் கூப்பிடு தூரத்தில் கிடைப்பார். “ஷ்யாம் சாரோ? ஞங்ஙளுடெ ஆளல்லே!” என்று நெஞ்சில் கை வைத்தார். மம்மூட்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து வருகிற ‘ஒரு சி.பி.ஐ. டைரிக்குறிப்பு’ (1988) படத்தின் இசை அவருடையதுதான் என்று வாயாலேயே வாசித்தும் காட்டினார். சென்னையில் பிறந்த மனிதர். கேரளம் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. நமக்குத்தான் ‘எந்த ஷ்யாம்?’.

உள் வீட்டிலேயே

வெளியாட்களை விடுங்கள். ஒரே வீட்டுக்குள்ளேயே இந்தக் கூத்து நடந்திருக்கிறது.

‘வாழ்வே மாயம்’ (1982). ‘நீல வான ஓடையில்’ பாட்டுக்கு உருகாத காதலர் உண்டா? ‘மௌன கீதங்கள்’ (1981). ‘மூக்குத்திப் பூ மேலே’ பாட்டைப் பாடாத புது மாப்பிள்ளை உண்டா? இரண்டு படத்துக்கும் இசை கங்கை அமரன். டைட்டிலில் பெரிய எழுத்தில்தான் போட்டார்கள். நாமோ அதையும் அண்ணன் கணக்கில் வரவு வைத்துவிட்டோம்.

‘அச்சமில்லை அச்சமில்லை’ (1984). பாலசந்தர் படம். ‘ஆவாரம்பூவு’ பாட்டை எஸ்.பி.பி.யும் சுசீலாவும் பாடியிருப்பார்கள். இசை வி.எஸ்.நரசிம்மன். யார் இவர்? இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) ஆல்பத்தில் உயிரை உருக்கும் அந்தத் தனி வயலின் இருக்கிறதே, அது இவர் வாசித்ததுதான். பின்னாளில் ‘மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட்’ என்ற குழுவைத் தொடங்கியவரும் இவரே. ‘இதற்கு எப்படிப் பேர் வைப்பது’ என்று ஓர் ஆல்பத்துக்குத் தலைப்பு. அதில் வாசித்தவர் போட்ட பாட்டுக்கு நாம் வேறு பேர் வைத்துவிட்டோம்!

“குழப்பம் எங்க வருது தெரியுமா?” என்றார் பெரியவர். “பாடறது அதே எஸ்.பி.பி., அதே ஜானகியம்மா. வாசிக்கறதும் முக்கால்வாசி அதே ஆளுங்க. இவர்கிட்ட காலையில, அவர்கிட்ட சாயந்தரம். மேல்மண்ணு ஒரே மாதிரி இருக்கும் தம்பி. உள்ள தோண்டினாத்தான் எங்க கரி, எங்க களிமண்ணுன்னு தெரியும்.”

இந்த வியாதி நம் தலைமுறையில் வந்தது இல்லை. அப்பா தலைமுறையிலும் உண்டு. ‘வெள்ளி விழா’ (1972) படத்தில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய ‘காதோடுதான் நான் பாடுவேன்’. அதட்டிப் பாடியே பழகிய குரலைக் கிசுகிசுக்க வைத்த பாட்டு. பத்துப் பேரைக் கேட்டால் பாதிப்பேர் எம்.எஸ்.வி. என்பார்கள். போட்டவர் வி.குமார். ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டாரே பாலசந்தர், அவருடைய மேடைக்கு இசையமைத்து, அவரோடு ‘நீர்க்குமிழி’ (1965) மூலம் சினிமாவுக்கு வந்தவர். (ஆபீஸில் பேனா பிடித்துக்கொண்டே கனவு காண்கிறவர்கள் கவனிக்க!)

அடுத்த தலைமுறையும் லேசுப்பட்டது இல்லை. அஜீத் தமிழில் ஹீரோவாக அறிமுகமான ‘அமராவதி’ (1993). ‘தாஜ்மஹால் தேவையில்லை’ பாட்டு ராஜா கணக்கில் போய்விட்டது. உண்மையில் பாலபாரதி. பிரபுதேவாவும் அப்பாஸும் நடித்த ‘வி.ஐ.பி.’ (1997). ‘மின்னல் ஒரு கோடி’ பாட்டு ரஹ்மான் கணக்கில் போய்விட்டது. உண்மையில் பம்பாய் டிரம்ஸ் கலைஞர் ரஞ்சித் பாரோட். கேசட் போய் சி.டி. வந்தது, சி.டி. போய் செல்போன் வந்தது. கணக்குப்பிள்ளை மட்டும் மாறவில்லை.

பச்சை மை

இளையராஜா மேல் இதில் ஒரு குற்றமும் இல்லை. ஆயிரம் படத்துக்கு மேல் இசையமைத்த மனிதருக்கு அடுத்தவர் பாட்டு எதற்கு? ‘நல்லா இருக்கா? அப்ப ராஜாதான்’ என்று சொல்வது அவருக்கு நாம் கொடுக்கிற மரியாதை. ஆனால், அடுத்த வீட்டுத் தோட்டத்தில் பறித்த பூவில் மாலை கட்டிப் போட்டு என்ன பிரயோஜனம்?

“அப்ப தப்பு யார் மேல சார்?” என்றேன்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு பழைய கேசட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அறுபது நிமிஷ கேசட். அட்டையில் பச்சை மையில், அச்சடித்த மாதிரி கையெழுத்து. ‘இளையராஜா காதல் ஹிட்ஸ் - 4’. பட்டியலில் மூன்றாவது, பன்னீரில் நனைந்த பூக்கள். ஏழாவது, ஆவாரம்பூவு. ஒன்பதாவது... நம்ம கண்ணுக்குள் நூறு நிலவா!

“யார் எழுதினது?”

“நான்தான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“பக்கத்துக்கு ஆறு பாட்டு. அட்டையில ‘ராஜா ஹிட்ஸ்’னு இருந்தா பையங்க கேள்வி கேக்காம வாங்குவாங்க. ‘பல இசையமைப்பாளர்கள்’னு எழுதினா ‘இது என்னண்ணே, கலப்படமா?’ம்பாங்க. வியாபாரம்! தெரிஞ்சேதான் எழுதினேன். எத்தனை கேசட்டுனு கணக்கே இல்ல. பொங்கல், தீபாவளின்னா கை வலிக்கும்.”

ஒரு நாள் கச்சேரி ஒன்றுக்காக மெட்ராஸிலிருந்து வந்த வயலின்காரர் ஒருவர் கடையில் நின்று அந்த அட்டையைப் படித்தாராம். கோபப்படவில்லை. “இதுல மூணு பாட்டு அவரோடது இல்லீங்களே. பாட்டு ஹிட்டானா, போட்டவனைத் தேடிக்கிட்டுத்தான் அடுத்த புரொடியூசர் வருவார். நீங்க பேரை மாத்தி எழுதிட்டா, தேடறவர் எந்த வீட்டுக்குப் போவார்?” என்று மட்டும் கேட்டுவிட்டு, டீக்குக் காசு கொடுத்துப் போய்விட்டாராம்.

“அன்னியிலிருந்து அஞ்சு கட்டமும் போட்டுத்தான் தம்பி எழுதிக் கொடுத்தேன். ஆனா, போன கேசட்டு போனதுதான? இன்னிக்கு அந்தப் பையனுங்களுக்கே பேரப்பிள்ளைங்க இருக்கும். நேத்து மேடையில பேசினானே, அவன் சின்னப் பையன். அவன் அப்பா எங்கிட்டதான் வாங்கியிருப்பாரோ என்னமோ. அவன் சிரிச்சதுல எனக்கு வருத்தமில்ல. அவனுக்குத் தப்பாச் சொல்லிக் கொடுத்ததே நான்தானோன்னுதான் வருத்தம்.”

நான் சொல்ல வந்த மன்னிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

பேருக்கு ஒரு சட்டம்

பேர் என்பது வெறும் கௌரவ விஷயம் இல்லை. 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு, ‘இது என் படைப்பு’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவருக்கு உண்டு என்கிறது. உரிமையை வேறு ஒருவருக்கு விற்றுவிட்டாலும் இந்த உரிமை போகாது. 2012-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். சினிமாப் பாட்டு தியேட்டருக்கு வெளியே ஒலித்துச் சம்பாதிக்கும் ராயல்டியில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்கு உண்டு என்று அதில் வந்தது. ஆக, பேர் இருக்கும் இடத்துக்குத்தான் பணமும் வழி கேட்டு வரும்.

டீக்கடையில் இதைச் சொன்னபோது ஓர் இளைஞர், “பாட்டு கேக்கறோம், ஜாலியா இருக்கோம். பேர்ல என்ன அங்கிள் இருக்கு?” என்றார். பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். “ராத்திரி பகலா உக்காந்து நீ தயார் பண்ணின ரிப்போர்ட்டை உன் மேனேஜர் தன் பேர்ல மேல அனுப்பினா, ‘ரிப்போர்ட் நல்லா இருக்கு, பேர்ல என்ன’ன்னு இருப்பியா தம்பி?”

இளைஞர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த வாரம்தான் நடந்திருக்கிறது போல.

தாமதமாக வந்த விசில்

சில சமயம் மரியாதை வருகிறது. ஆனால், வழி விசாரித்து மெதுவாக வருகிறது.

‘அசுரன்’ (1995) என்று ஒரு படம். அருண்பாண்டியன், ரோஜா. (தனுஷ் படம் இல்லை. அது 2019.) அதில் ‘சக்கு சக்கு வத்திக்குச்சி’ என்று ஒரு பாட்டு. இசை ஆதித்யன். 2020 பிப்ரவரியில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்புக்கு விஜய் நெய்வேலிக்கு வந்து, வண்டி மேல் ஏறி ரசிகர் கூட்டத்தோடு செல்பி எடுத்தது ஊரே மறக்காத சம்பவம். அந்தப் படத்தின் இயக்குநர் லோகேஷ் கனகராஜ். அவரேதான் தன் ‘விக்ரம்’ (2022) படத்தில் இந்தப் பாட்டைத் தூசி தட்டிச் சண்டைக் காட்சிக்கு ஓட விட்டார். தியேட்டரில் விசில் பறந்தது. 1995-ல் பிறக்காத பையன்கள் எல்லாம் முணுமுணுத்தார்கள்.

ஆதித்யன்? 2017-லேயே இறந்துவிட்டார். டி.வி.யில் சமையல் நிகழ்ச்சி நடத்தியவர் என்றுதான் பலருக்கு அவரைத் தெரியும்.

‘அழகன்’ (1991) நினைவிருக்கிறதா? மம்மூட்டியும் பானுப்பிரியாவும் ராத்திரி முழுக்க போனில் பேசிக்கொண்டே இருப்பார்களே, ‘சங்கீத ஸ்வரங்கள்’. (டெலிபோன் பில் யார் கட்டியது என்று படத்தில் கடைசி வரை சொல்லவில்லை.) அதையும் ராஜா என்று சொன்னவர்கள் உண்டு. போட்டவர் மரகதமணி. தெலுங்கில் கீரவாணி. 2023-ல் ‘நாட்டு நாட்டு’ பாட்டுக்காக ஆஸ்கார் மேடையில் ஏறினாரே, அதே மனுஷன். உலகம் கைதட்டிய அன்றைக்கு, “அட, இவர்தானா அவர்?” என்று 32 வருஷம் கழித்து நாமும் சேர்ந்து தட்டினோம்.

எல்லோருக்கும் ஆஸ்கார் கிடைக்காது. குறைந்தபட்சம் பேராவது கிடைக்கலாம்.

ஆபீஸ் பந்தயம்!

பெரியவர் நோட்டிலிருந்து ஐந்து பாட்டுகள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது பக்கத்து சீட்டுக்காரரிடம் ‘இசை யார்?’ என்று கேளுங்கள். பந்தயம் டீ, வடையோடு நிற்கட்டும்.

1. ‘பூவண்ணம் போல நெஞ்சம்’ - அழியாத கோலங்கள் (1979). விடை: ‘செம்மீன்’ புகழ் சலில் சௌத்ரி.

2. ‘காக்கைச் சிறகினிலே’ - ஏழாவது மனிதன் (1982). பாட்டு பாரதியார். இசை எல்.வைத்தியநாதன். ‘மால்குடி டேஸ்’ சீரியலின் ஆரம்ப இசையும் இவருடையதுதான்.

3. ‘செந்தூரப்பூவே’ - செந்தூரப்பூவே (1988). விடை: மனோஜ் - கியான். (இளையராஜா என்பவர் ‘16 வயதினிலே’ பாட்டோடு குழப்பிக்கொண்டவர். பாதி வடை கொடுக்கலாம்.)

4. ‘சேலை கட்டும் பெண்ணுக்கொரு’ - கொடி பறக்குது (1988). ரஜினி, பாரதிராஜா எல்லாம் சரி. இசை ஹம்சலேகா.

5. ‘காதல் கடிதம் தீட்டவே’ - சேரன் பாண்டியன் (1991). விடை: சௌந்தர்யன்.

ஐந்துக்கு ஐந்து சொல்கிறவர் உங்கள் ஆபீஸில் இருந்தால் அவருக்கு நீங்கள் டீ வாங்கிக் கொடுங்கள்.

கடைசி நாள் கச்சேரி

திருவிழாவின் கடைசி ராத்திரி. அதே மேடை, அதே ஜிகுஜிகு கோட்டு. கச்சேரி தொடங்குவதற்கு முன்னால் பெரியவர் அறிவிப்பாளரைத் தனியாகப் பார்த்து நோட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். என்ன பேசினார்கள் என்று காதில் விழவில்லை.

பத்து மணி வாக்கில் மைக் இருமியது.

“அன்னிக்கு ஒரு தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சுக்குங்க. கண்ணுக்குள் நூறு நிலவா... இன்னொரு தடவை. படம் வேதம் புதிது. பாட்டு வைரமுத்து. பாடினது எஸ்.பி.பி., சித்ரா. இசை... தேவேந்திரன்!”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரே ஒரு கைதட்டல். பெரியவர்தான். இரண்டாவது கைதட்டல் என்னுடையது. அப்புறம் பக்கத்தில் இருந்தவர்கள் எதற்கென்று தெரியாமலே தட்ட ஆரம்பிக்க, மைதானம் முழுக்கப் பரவியது.

பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் உற்சாகமாக, “அடுத்து, மெல்லிசை மன்னர் எம்.எஸ்.வி. இசையில்... காதோடுதான் நான் பாடுவேன்!” என்றார்.

பெரியவர் என்னைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். துண்டுச் சீட்டை நான் கிழித்துக் கொடுத்தேன்.